சுமாராகப் போடத் தெரியாதவர்கள்

எங்கள் நகரத்துச் சைக்கிள் தடம் மார்க்கெட் வாசலில் தொடங்கும்போது அதன் மிடுக்கைப் பார்க்க வேண்டும். பச்சைப் பசேலென்று, இரண்டு பக்கமும் வெள்ளைக் கரை கட்டி, கான்கிரீட் தடுப்புக் கட்டைகள் காவல் நிற்க, மகாராஜா பவனி போகிற தோரணையில் போகும். தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், வங்கி எல்லாவற்றையும் தாண்டி ரயில் பாலத்தடிச் சுரங்கப்பாதை வரை வந்துவிட்டு, எதற்காகக் கிளம்பினோம் என்பதே மறந்துபோனவர் மாதிரி அங்கே நின்றுவிடும். சுரங்கப்பாதைக்குள் பச்சையும் கிடையாது, வெள்ளையும் கிடையாது. அந்தப் பக்கம் மேடேறியதும் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி தொடங்கி, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் முடியும்.

நடுவில் விட்டுப்போன அந்தத் துண்டுதான் எமன். இறக்கம், இருட்டு, ஒரு வளைவு, அப்புறம் மூச்சு வாங்கும் ஏற்றம். நடைபாதை கிடையாது. சுவரில் எந்தக் காலத்திலும் ஈரம் கசிந்துகொண்டிருக்கும். அதற்குள் வரும் சரக்கு லாரி ஒவ்வொன்றும் எங்கள் தெருவைவிட நீளம். நான் இப்படிச் சொல்லும்போதெல்லாம் என் தங்கை பக்கத்தில் இருந்தால், "அண்ணன் சொல்றதுல முக்கால்வாசியைக் கழிச்சுக்கோங்க" என்பாள். கழித்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் கால்வாசி லாரியே ஒரு மனுஷியைச் சுவரோடு தேய்க்கப் போதும்.

தங்கை அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பகுதிக்குப் பொறுப்பு. அவள் கணவர் போனபிறகு எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிட்டாள். என் மனைவி போனபிறகு கீழே நான் மட்டும். காலை முறைக்கு அவள் கிளம்பும் நேரத்தில் பஸ் ஓட்டுநர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். நடக்கலாம் என்றால் அவளுடைய முழங்கால் அழும். அதே முழங்கால் சைக்கிளில் ஏறினால் சிரிக்கும். ஆகவே சைக்கிள், ஆகவே சுரங்கப்பாதை.

போன மழைக்காலத்தில் ஒரு லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனது. அன்றைக்கு வேலை முடிந்து வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வருஷத்துக்குள்ள அங்க ஒரு தடம், அதுக்கு ஒரு கட்டை வரலேன்னா நான் வேலையை விட்டுடறேன், அண்ணா."

"விட்டுட்டு?"

"உன் புளுகைக் கேட்டுக்கிட்டு வீட்ல கிடக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வேலை அவளுக்கு வெறும் வேலை இல்லை. "நீராவி மூஞ்சியில அடிச்சாத்தான் எனக்கு விடியுது" என்பாள். கணவர் இறந்த மாதம்கூட அவளை எழுப்பி நடமாட வைத்தது அந்த நீராவிதான்.

வார்டுக் கூட்டம் வந்தது. சைக்கிள் தட மேம்பாட்டுக்கு நிதி வந்திருக்கிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அழைத்திருந்தார்கள். நான் போகாத கூட்டம் கிடையாது. மாநகராட்சியின் சாலைக்கோட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் முன்வரிசை நாற்காலி என் பரம்பரைச் சொத்து என்று நினைப்பு. நான் போட்ட கோட்டை ஓடுபாதை என்று நம்பி ஒரு விமானமே இறங்கப் பார்த்தது என்ற சரித்திர உண்மையை அங்கே பலமுறை எடுத்துரைத்திருக்கிறேன்.

என் பக்கத்தில் நூல் உட்கார்ந்திருந்தார். நூல் என்றால் என் பழைய சகா. சாலையில் நூல் பிடித்துச் சுண்ணாம்பு தடவாமல் ஒரு கோடு போட்டதில்லை. நூல் பிடிக்காமல் பல்கூடத் துலக்க மாட்டார் என்பது என் கணிப்பு. ஓய்வு பெற்றும் சட்டைப்பையில் ஒரு நூல்கண்டு இருக்கும்.

என்னோடு வந்திருந்த தங்கை எழுந்து கேட்டாள். "மேடம், அந்தச் சுரங்கப்பாதைக்கு எப்ப?"

மேடையில் இருந்த பொறியாளரம்மாவுக்கு வயது குறைவு, ஜலதோஷம் அதிகம். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அங்க தடமே இல்லையேம்மா" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"இது மேம்பாட்டு நிதிம்மா. இருக்கிற தடத்தைச் சீர்படுத்தத்தான் குடுக்கறாங்க. புதுசாப் போடறது வேற தலைப்பு. அதுல இந்த வருஷம் ஒண்ணும் வரல."

"போன வருஷம்?"

"போன வருஷமும் வரல."

"அப்ப மார்க்கெட் பக்கம் இருக்கற பச்சைக்கு மேலேயே திரும்பப் பச்சை பூசுவீங்க."

"பூசித்தான் ஆகணும்மா. செலவு பண்ணலேன்னா பணம் திரும்பிப் போயிடும். எனக்கு மட்டும் ஆசையா?"

பாவம், அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. மார்க்கெட் பக்கத்தில் பெயிண்டுக்கு மேல் பெயிண்டாகப் பூசிச் சாலை மட்டமே உயர்ந்துவிட்டது. இன்னும் சில வருடங்களில் கடைக்காரர்கள் ஏணி வைத்துத்தான் சாலைக்கு வர வேண்டியிருக்கும்.

நூல் மெல்ல எழுந்தார். "ஒரு சின்னச் சந்தேகம்மா. அங்க ஒரு தடம் இருந்துச்சுன்னு வைங்க."

"இருந்தா கட்டை வரைக்கும் கேக்கலாம் சார். இல்லையே."

"அது சரி" என்று உட்கார்ந்துவிட்டார். அவருடைய கை சட்டைப்பைக்குள் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும், "என்னய்யா யோசிக்கற?" என்றேன்.

"இருக்க வெச்சுடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் சுரங்கப்பாதைக்குள் பெயிண்டு வேலையைத் தொடங்கினோம். ஒளிந்து செய்கிறவனைத்தான் உலகம் பிடிக்கும். பளபளக்கும் பட்டை வைத்த ஆரஞ்சு மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, நாலு கூம்புகளை நட்டுவிட்டு, முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டால் நீங்கள் ரயில் பாலத்தையே கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்து, "என்ன வேலை?" என்றார். நூல் தலையைத் தூக்காமல், "மேம்பாடு" என்றார். அந்த மனிதர் சல்யூட் அடிக்காததுதான் குறை. ஒரு பக்க வண்டிகளை எங்களுக்காக நிறுத்தி நிறுத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு தடவை டீ கூட வாங்கிக்கொடுத்தார்.

அந்த வாரம் சாயங்கால முறைக்கு மாறியிருந்த தங்கை அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் வந்தாள். சாலையில் மண்டி போட்டுக் கிடந்த அண்ணனைப் பார்த்ததும் இறங்கினாள்.

"நூலண்ணா, நீங்களுமா?"

"நான்தாம்மா. உங்கண்ணன் சும்மா உருளை தள்ளறான்."

"இது எதுக்கு? பெயிண்டு லாரியைத் தடுக்குமா?"

"தடுக்காது. கட்டை வர்றதுக்கு இது சாட்சி. தடம் இருக்குன்னு ஆயிட்டா, மேம்பாடு பண்ணியே ஆகணும்ல."

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்களைவிட அவளுக்குத்தான் நன்றாகப் புரிந்தது என்பது அவள் அடுத்துச் சொன்னதில் இருந்தது. நாங்கள்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

"சரி, சுமாராப் போடுங்க. ஆபீஸ்ல போட்ட மாதிரி அங்கங்க கோணலா இருக்கட்டும்."

நூல் எழுந்து நின்றார். முட்டியில் பச்சை, மூக்கில் வெள்ளை. வாழ்க்கையில் யாரும் அவரை அப்படி அவமானப்படுத்தியதில்லை என்ற முகம்.

"சுமாராப் போட எனக்கு வராதும்மா."

"இல்ல நூலண்ணா, நான் என்ன சொல்றேன்னா…"

"நீ வேலைக்குப் போ. நேரமாச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் உருளையைத் தள்ளினேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷத்தில் தலை சுற்றிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து அப்படியொரு நாள் வாய்க்கவில்லை.

இரண்டு பூச்சு. ஈரம் கசியும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி, ஊதி ஊதிக் காயவைத்துப் பூசினோம். ஓரக்கோடு காய்வதற்குள் கண்ணாடித் துகளைத் தூவினார் நூல், விளக்கு வெளிச்சம் பட்டால் மின்ன வேண்டுமாம். தகரத்தில் வெட்டிய சைக்கிள் அச்சு அவர் வீட்டுக் கொட்டகையில் இருந்தது. அதை வைத்துப் படம் போட்டதோடு நிற்காமல், சக்கரத்துக்குக் கம்பிகள் ஒவ்வொன்றாகக் கையால் வரைந்தார். முடிந்தபோது அந்த இருட்டுப் பாதைக்குள் சூரியன் தங்கிவிட்டது போல இருந்தது. எறும்பு ஒன்று ஓரக்கோட்டில் நடந்து, வழுக்கி விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். இதில் முக்கால்வாசியைக் கழித்தாலும் அது நகரத்திலேயே அழகான தடம்தான்.

மறுநாளிலிருந்து ஜனங்கள் அதில் வர ஆரம்பித்தார்கள். அதுவரை சுரங்கப்பாதைக்குப் பயந்து லெவல் கிராசிங் வழியாக ஊரைச் சுற்றிப் போனவர்கள், பெயிண்டைப் பார்த்ததும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு பேரும் மேட்டில் நின்று வேடிக்கை பார்ப்போம். லாரிகள் வளைவில் பச்சைமேல் ஏறித் திரும்புவதையும் பார்த்தோம். "கட்டை வந்துடும்" என்பார் நூல். "வந்துடும்" என்பேன் நான்.

பொறியாளரம்மா எல்லாத் தடங்களையும் நேரில் பார்த்துத் தரம் போட்டார். அடுத்த கூட்டத்தில் அறிவித்தார்கள். மோசம் என்று தரம் வாங்கியவற்றுக்குத்தான் முதலில் நிதியாம். மார்க்கெட் பக்கம் காய்கறி வண்டிகள் ஏறித் தேய்ந்து மோசமாம். வங்கிப் பக்கம் சுமாராம்.

"சுரங்கப்பாதை?" என்று தங்கை கேட்டாள்.

பொறியாளரம்மாவின் முகம் மலர்ந்தது. "அது பிரமாதம்மா. மிக நன்று. நகரத்துலயே அந்த ஒரு துண்டுக்குத்தான் மிக நன்று போட்டேன். அங்க இப்போதைக்கு ஒண்ணும் செய்யத் தேவையில்ல."

அந்தத் தடம் எந்தக் கணக்கில் வந்தது என்று யாரோ கேட்க, பாலப் பிரிவு தாங்கள்தான் போட்டோம் என்றது. பூங்காப் பிரிவு தாங்கள்தான் என்றது. இரு பிரிவினரும் அங்கேயே உரிமைச் சண்டை போட்டார்கள்.

நான் எழுந்தேன். "அதைப் போட்டது நாங்க ரெண்டு பேரு. ஒரு ஞாயித்துக்கிழமை. அது வெறும் பெயிண்டு. லாரி அதுமேலதான் ஏறித் திரும்புது. அங்க கட்டை வேணும்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அதுல விமானம் இறங்குச்சா தாத்தா?"

கூடமே சிரித்தது. பொறியாளரம்மாவும் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நூல் என் பக்கத்தில் எழுந்து நின்று, "சத்தியமாங்க, நாங்கதான்" என்று சட்டைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்துக் காட்டினார். சிரிப்பு இரண்டு மடங்கானது. வாழ்நாளில் எத்தனையோ கூட்டங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக உட்கார இடம் தெரியாமல் நின்றேன். தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். "உள்ளதைச் சொன்னே. அதான் யாரும் நம்பல."

"கோணலாப் போடுங்கன்னு நீ சொன்னே தங்கச்சி" என்றார் நூல்.

"விடுங்க நூலண்ணா."

"ஒரு இடத்துல, ஒரே ஒரு இடத்துல கை நடுங்கியிருந்தாக்கூடப் போதும்."

மறுநாளே சுரண்டியும் கம்பி பிரஷ்ஷுமாகப் போய் உட்கார்ந்தோம். மோசமாக்கிவிடலாம் என்றுதான். என் தோள் கழன்றது, பெயிண்டு கழலவில்லை. அத்தனை நன்றாகத் தேய்த்து, ஒற்றி, ஊதிப் பூசியிருந்தோம். நக அளவு பெயர்வதற்குள், எங்களுக்கு டீ வாங்கிக்கொடுத்த அதே போலீஸ்காரர் வந்து நின்றார்.

"பொதுச்சொத்தைச் சேதப்படுத்தறீங்களா?"

"நாங்க போட்டதுய்யா. நீதானே வண்டியை நிறுத்திக் குடுத்தே."

"அது மேம்பாடு. இது சேதம்" என்றார். வயதைப் பார்த்து விடுகிறேன், இனிமேல் இந்தப் பக்கம் பார்த்தால் விடமாட்டேன் என்றார். எங்கள் சுரண்டியை வாங்கிவைத்துக்கொண்டார்.

அன்றிரவு நான் மாடிக்குப் போனேன். தங்கை மறுநாளைக்கு உடுப்பை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"வேலையை விட்டுடறேன்னு சொன்னியே."

"சொன்னேன். அது அங்க ஒண்ணுமே இல்லாதப்ப சொன்னது."

"இப்ப என்ன இருக்கு? வெறும் பெயிண்டு."

"நீ போட்ட பெயிண்டு. நானே அதுல போகலேன்னா வேற யாரு போவாங்க?" என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பழசாயிடும், அண்ணா. அப்ப கட்டை வரும். அதுவரைக்கும் ஓரமாப் போறேன்" என்றாள்.

நான் இறங்கி வந்தேன்.

மழை பெய்த ஒரு காலையில் அது நடந்தது. லாரி வளைவில் திரும்பியது. அவள் தடத்துக்குள்தான் இருந்தாள். பின்சக்கரம் தடத்தின்மேல் ஏறியது. அவள் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். இதில் கழிக்க ஒன்றுமில்லை.

நானும் நூலும் போய்ச் சேர்ந்தபோது அவளை எடுத்துப் போய்விட்டார்கள். லாரி ஓட்டுநர் மேட்டில் குந்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சின்ன உருவம், தொளதொளவென்று சட்டை.

"கோடு நல்லாத் தெரிஞ்சுதுங்க. தெரியலேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுமேல ஏறாம அந்த வளைவுல இந்த வண்டி திரும்பாதுங்க. நான் எங்க போவேன்?"

நூல் சுரங்கப்பாதைக்குள் இறங்கிப் போனார். பச்சையின் மேல் கறுப்பாக டயர் இழுத்த தடம். அவர் கையால் கம்பி வரைந்த சக்கரத்தின் பாதி, லாரி உரசியதில் தாரோடு பெயர்ந்து போயிருந்தது. மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட அதன் பக்கத்திலேயே நின்றார். நான் கூப்பிட்டேன். காதில் விழவில்லை.

இடுப்பெலும்பும் தொடை எலும்பும் உடைந்திருந்தன. உயிருக்கு ஆபத்து இல்லை என்றார் டாக்டர். இனி கோல் வைத்து நடக்கலாம், நின்று செய்யும் வேலை முடியாது, சைக்கிள் வேண்டாம். அவர் அதைத் தங்கையிடமே நேராகச் சொல்லிவிட்டார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, தன்மேல் போர்த்தியிருந்த போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் போனதும், "மடிப்பு சரியில்ல" என்றாள். "நான் இல்லேன்னா இப்படித்தான் அனுப்புவாங்க."

பொறியாளரம்மா பார்க்க வந்தார். ஜலதோஷம் போயிருந்தது, கண் சிவந்திருந்தது. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க சொன்னதை நான் நம்பியிருக்கணும், சார்."

"நானே என்னை நம்ப மாட்டேன்மா" என்றேன்.

"போய்ப் பார்த்தேன். பெயர்ந்து போயிருக்கு. மோசம்னு தரம் மாத்திட்டேன். இந்த வருஷப் பணம் மார்க்கெட் பக்கத்துக்குப் போயாச்சு. அடுத்த வருஷம் கட்டாயம் கட்டை வந்துடும்."

தங்கை தலையைத் திருப்பினாள். "மோசம்னு ஆயிடுச்சா?"

"ஆமாம்மா."

"நூலண்ணா, கேட்டீங்களா? கோணலாயிடுச்சாம்."

சுவரோரம் ஸ்டூலில் இருந்த நூல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பெரிய சத்தமில்லை, தோள் மட்டும் ஆடியது. பொறியாளரம்மா பழத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

"கட்டை வந்ததும் என் சைக்கிளைச் சலவைக்கூடத்துல யாருக்காவது குடுத்துடு, அண்ணா" என்றாள் தங்கை. "அதுவரைக்கும் யாருக்கும் குடுக்காத."

"சரி."

மருந்து கொடுக்க வந்த நர்ஸ் புதிது போலிருக்கிறது. குப்பியை ஆட்டிக்கொண்டே, "எப்படிங்க ஆச்சு இவங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"லாரி ஏறிடுச்சு" என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தாள். வலிக்காமல் திரும்ப முடியாது, ஆனாலும் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன இவ்வளவு சப்புனு சொல்ற? கொஞ்சம் கூட்டிச் சொல்லேன்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். நர்ஸ் சிரிக்கத் தயாராக நின்றார்.

"லாரின்னா சாதாரண லாரி இல்லம்மா. அது எவ்வளவு பெரிசுன்னா…"

அதற்குமேல் வரவில்லை. வாயைத் திறந்தபடி அந்தக் கோணல் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தங்கையே நர்ஸிடம் சொன்னாள்:

"எங்க தெருவைவிட நீளம்."